நார்னியா: ஏழு கதையும் திரைக்கு வருமா, இந்த முறையும் பாதியில் நின்றுவிடுமா?

விளக்குக்கம்பம்:

ஆங்கிலச் சிறுவர் கற்பனைக் கதை வரிசையான நார்னியா திரும்பவும் படமாகிறது. கிரெட்டா கெர்விக் இயக்குகிறார். 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'தான் முதல் படம். 2025-ல் இங்கிலாந்தில் படப்பிடிப்பு. 2026 நவம்பர் கடைசியில் ஐமேக்ஸ் திரைகளில், அப்புறம் கிறிஸ்துமஸுக்கு நெட்ஃபிளிக்ஸில் என்று 2025 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். துள்ளிக் குதிக்க வேண்டிய செய்தி. எனக்கோ வயிற்றைப் பிசைகிறது.

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்று என்று ஏழு புத்தகம் கொண்டுவந்து கதையை முடித்துவிட்டார். படமாக்க வந்தவர்கள் ஒருவர்கூட முடிக்கவில்லை. பிபிசி 1988-ல் தொடங்கி 1990-ல் நான்காவது கதையான 'தி சில்வர் சேர்' வரை வந்து நிறுத்திக்கொண்டது. டிஸ்னியும் வால்டன் மீடியாவும் சேர்ந்து 2005-ல் தொடங்கிய வரிசை 2010-ல் மூன்றாவது படத்தோடு நின்றது. 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்', 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ', 'தி லாஸ்ட் பேட்டில்' மூன்றும் திரைப்படமாகவோ தொலைக்காட்சித் தொடராகவோ இதுவரை வரவே இல்லை. முதல் கதையில் பிள்ளைகள் ஓர் அலமாரி வழியாகத்தான் நார்னியா என்ற பனி உலகத்துக்குள் போவார்கள். இவர்களும் ஒவ்வொரு முறையும் அலமாரிக் கதவைத் திறக்கிறார்கள், பனியில் நாலு அடி வைக்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

கெர்விக் இரண்டு படங்களுக்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று 2023-ல் செய்தி வந்தது. மீதி ஐந்து? இதைப் பற்றி உங்கள் எண்ணத்தைக் கொட்டுங்கள். வெறும் நம்பிக்கை வார்த்தை வேண்டாம், காரணத்தோடு சொல்லுங்கள்.

மழைக்காகம்:

காரணம் ஒன்றே ஒன்றுதான் அண்ணா, காசு. 2005 படம் ஏறக்குறைய 18 கோடி டாலர் செலவில் எடுத்து, உலகம் முழுக்க 74 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'பிரின்ஸ் காஸ்பியன்' 2008-ல் அதைவிட அதிகச் செலவில், 22 கோடிக்கு மேல் போட்டு எடுத்தார்கள். வந்தது 42 கோடி. விளம்பரச் செலவையும், தியேட்டர்காரர்கள் பங்கையும் கழித்துப் பாருங்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே டிஸ்னி கழன்றுகொண்டது. மூன்றாவது படத்துக்கு ஃபாக்ஸ் வந்து கைகொடுத்தது, அதுவும் 41 கோடி சொச்சத்தில் நின்றது. முதல் படத்தின் வசூலில் பாதிக்குக் கொஞ்சம் மேல். எந்தத் தயாரிப்பாளர் நாலாவதற்குப் பணம் போடுவார்?

ரசிகர்கள் கண்ணீர் விட்டால் படம் வராது. டிக்கெட் விற்றால் வரும்.

கடலோடி:

மழைக்காகம், மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் மட்டும் முதல் படம் 29 கோடி, இரண்டாவது 14 கோடி, மூன்றாவது 10 கோடி. அங்கே சரிவு உண்மை. ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே? காஸ்பியன் 28 கோடி அளவில், 'வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்' 31 கோடி அளவில். மற்ற நாடுகளில் மூன்றாவது படம் இரண்டாவதை முந்திவிட்டது. செலவையும் காஸ்பியனைவிட நன்றாகக் குறைத்திருந்தார்கள். அதைத் தோல்வி என்று ஒரேயடியாக எழுதிவைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

காஸ்பியனை வெளியிட்ட தேதியையும் பாருங்கள். முதல் படம் டிசம்பரில் வந்தது. பனி, கிறிஸ்துமஸ், விடுமுறை, குடும்பத்தோடு தியேட்டர் என்று எல்லாம் கூடிவந்தது. இரண்டாவதை 2008 மே 16-ல் இறக்கினார்கள். மே 2-ல் 'அயர்ன் மேன்' வந்து ஓடிக்கொண்டிருந்தது. மே 22-ல் இந்தியானா ஜோன்ஸ் வந்துவிட்டார். இரண்டு யானைகளுக்கு நடுவில் ஆட்டுக்குட்டியைக் கட்டியதுபோல. கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு முடிவு, அதற்கான பழியைக் கதை இன்னும் சுமக்கிறது.

செங்காந்தள்:

வசூலைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருந்தது, அதை இங்கே யாரும் சொல்லவில்லை. உரிமம்.

வால்டன் மீடியா லூயிஸ் குடும்ப நிறுவனத்திடமிருந்து வாங்கிய உரிமத்துக்குக் காலக்கெடு இருந்தது. டான் ட்ரெடருக்குப் பிறகு அடுத்தது எது என்பதில் இழுபறி. புத்தக வரிசைப்படி சில்வர் சேர் வர வேண்டும். 2011 தொடக்கத்தில் வால்டன் தரப்பிலிருந்து 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது என்று லூயிஸின் வளர்ப்பு மகன் டக்ளஸ் கிரெஷாம் சொன்னார். மூன்று படத்திலும் தயாரிப்பில் இருந்தவர் அவர்.

அப்புறம் 2013 அக்டோபரில் மார்க் கார்டன் கம்பெனியோடு சில்வர் சேருக்கு ஒப்பந்தம். டேவிட் மகீ திரைக்கதை. 2017-ல் ஜோ ஜான்ஸ்டன் இயக்குநர் என்று அறிவிப்பு. நான் அன்று உண்மையாகவே நம்பினேன். 2018 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் ஏழு புத்தகத்துக்கும் சேர்த்து உரிமம் வாங்கியது. ஐந்து ஆண்டு பேசிய சில்வர் சேர் சத்தமில்லாமல் மறைந்தது. படமே எடுக்காமல் போன ஆண்டுகள் இவை. எந்தப் பார்வையாளரும் டிக்கெட் வாங்க மறுக்கவில்லை, விற்க டிக்கெட்டே இல்லை.

ஒரு நல்லதும் இதில் உண்டு. ஏழும் ஒரே கையில் இருப்பது இதுதான் முதல் முறை. ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகப் பேரம் பேசத் தேவையில்லை.

மழைக்காகம்:

ஏழும் ஒரே கையில் இருப்பது நல்லது என்கிறீர்கள் அக்கா. அந்தக் கை எது என்று பாருங்கள். 2018-ல் வாங்கினார்கள். 2019-ல் 'கோகோ' படத்தை எழுதியவர்களில் ஒருவரான மேத்யூ ஆல்ட்ரிச் மொத்தத்தையும் மேற்பார்வை செய்வார் என்றார்கள். அதன்பிறகு பல ஆண்டு மௌனம். 'தி டார்க் கிரிஸ்டல்: ஏஜ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' என்னவாயிற்று? 2019-ல் ஒரே சீசன், கதை நடுவில் நிற்கும்போது மூடிவிட்டார்கள். 'ஷேடோ அண்ட் போன்' இரண்டு சீசனோடு 2023-ல் முடிந்தது. இரண்டுமே ரசிகர்கள் உயிரைக் கொடுத்துக் காதலித்த கதைகள்.

அங்கே ஒரு தொடர் நன்றாக இருக்கிறதா என்பதைவிட, செலவுக்கு ஏற்ற கூட்டம் வருகிறதா, வந்தவர்கள் கடைசிவரை உட்கார்ந்தார்களா என்பதுதான் பேச்சு. நார்னியாவில் மலிவாக எடுக்க ஒன்றும் இல்லை. பேசும் மிருகம் இல்லாத பக்கமே கிடையாது.

சதுப்புநிலத்தான்:

வசூல், உரிமம் எல்லாம் சரி. நான் கதைக்கு வருகிறேன். மூன்றாவது படத்தில் எனக்கு மனசு உடைந்த இடம் ஒன்று உண்டு, அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

யூஸ்டஸ் என்ற பையன் பேராசையால் டிராகன் ஆகிவிடுகிறான். கையில் மாட்டிய தங்கக் காப்பு டிராகன் காலில் இறுகி வலிக்கிறது. இரவில் அஸ்லான் என்ற சிங்கம், நார்னியாவைப் படைத்ததே அதுதான், வந்து ஒரு மலைத் தோட்டத்துக்கு, ஒரு கிணற்றடிக்கு அழைத்துப் போகிறது. குளிக்கும் முன் உடை களைய வேண்டும். யூஸ்டஸ் தன் தோலைத் தானே சுரண்டி உரிக்கிறான், பாம்புச் சட்டைபோல் கழன்று விழுகிறது. ஆனால் உள்ளே இன்னொரு டிராகன் தோல். திரும்ப உரிக்கிறான். அதற்குள்ளும் இன்னொன்று. மூன்று முறை உரித்தும் பழையபடியே நிற்கிறான். அப்போது அஸ்லான், இதை நான்தான் உரிக்க வேண்டும் என்கிறது. முதல் கீறலே இதயம் வரை இறங்குவதுபோல் வலிக்கிறது. உரித்துத் தண்ணீரில் எறிந்ததும் எரிகிறது, அப்புறம் வலி மறைகிறது, கையைப் பார்த்தால் பழைய பையன்.

படத்தில் சிங்கம் எட்ட நின்று மணலைப் பிறாண்டுகிறது. டிராகன் உடம்பில் கோடு விழுகிறது, வெளிச்சம் வருகிறது, பையன் வந்துவிடுகிறான். தன்னால் முடியாது என்று அவன் உணரும் அந்த மூன்று உரிப்பும் இல்லை. தொடவே இல்லை. ஆனால் புத்தகத்தில் இல்லாத பச்சை மூடுபனிக்கும் ஏழு வாள் தேடலுக்கும் நேரம் இருந்தது.

வசூல் குறைந்தது தேதியால், போட்டியால் என்று சொல்லலாம். புத்தகத்தை நெஞ்சில் வைத்திருந்தவர்கள் அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை போகாததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பனிக்காலம்:

அண்ணா, டான் ட்ரெடர் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த மூன்று படத்தையும் மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். என் தலைமுறைக்கு அதுதான் வாசல், புத்தகம் பிறகுதான் வந்தது. முதல் படத்தில் லூசி என்ற சிறுமி அலமாரிக்குள் பின்னோக்கி நகர்ந்து பனியில் இறங்கும் காட்சி. லூசியாக நடித்த ஜார்ஜி ஹென்லிக்கு அந்தச் செட்டை முன்கூட்டிக் காட்டாமல் கண்ணைக் கட்டி அழைத்து வந்தார்கள். கட்டை அவிழ்த்ததும் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த முகத்தில் இருப்பது நடிப்பில்லை, ஒரு சிறுமி முதல்முறையாகப் பார்க்கும் காடு. ஜேம்ஸ் மெக்அவாய் டம்னஸ் என்ற ஆட்டுக்கால் மனிதனாக நின்றதையும் அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறாள். இயக்குநர் ஆண்ட்ரூ ஆடம்சன் அதைப் புரிந்து செய்தார். டில்டா ஸ்விண்டனின் சூனியக்காரியை மறக்க முடியுமா? அந்தப் படத்தின் ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. புதிதாக எடுக்கும்போது பழையதை மறக்கடிக்கப் பார்ப்பார்கள். ஸ்விண்டனுக்குப் பதில் எம்மா மேக்கி. நல்ல நடிகைதான். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.

கடலோடி:

பனிக்காலம், அதனால்தான் கெர்விக் 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'விலிருந்து தொடங்குகிறார் என்று எனக்குப் படுகிறது. அலமாரிக் கதையை மறுபடியும் சொன்னால் எல்லோரும் 2005-ஐ நினைப்பார்கள். இந்தக் கதை திரையில் வந்ததே இல்லை. சார்ன் என்ற வேற்றுலக நகரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அரச உருவங்கள், நடுவில் மணி, பக்கத்தில் சின்னச் சுத்தியல். டிகரி என்ற சிறுவன் தன் தோழி போலியின் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மணியை அடிக்கிறான். ஒலி ஓயாமல் வளர்ந்துகொண்டே போய்க் கூரை இடிகிறது, பிறகு நார்னியாவின் சூனியக்காரியாகும் ராணி ஜேடிஸ் எழுகிறாள். இதை ஐமேக்ஸில் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

விளக்குக்கம்பம்:

எனக்கும் ஆசைதான் கடலோடி. ஆனால் முதலில் இதைச் சொல்வது சரியா என்பதில் எனக்குத் தீராத சந்தேகம்.

லூயிஸ் இதை ஆறாவதாக வெளியிட்டார். 1994-ல் ஹார்ப்பர்காலின்ஸ் கதைக் காலப்படி எண் மாற்றியபோது இதுவே முதல் புத்தகம் ஆயிற்று. அந்த வரிசை பிடிக்கும் என்று லூயிஸே ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு 1957-ல் கடிதம் எழுதியிருக்கிறார், அது தெரியும். இருந்தாலும் முதல்முறை வருகிறவனுக்கு என்ன ஆகிறது? ஜேடிஸ் தெருவிளக்கிலிருந்து உடைத்த இரும்புக் கம்பியை அஸ்லான் மேல் வீசுகிறாள். அது நெற்றியில் பட்டுக் கீழே விழுகிறது, சிங்கம் நடையை நிறுத்தவே இல்லை. விழுந்த இடத்தில் மண்ணிலிருந்து விளக்குக்கம்பம் முளைக்கிறது. பனிக்காட்டின் நடுவில் அந்த விளக்கை ஏற்கெனவே பார்த்தவனுக்கு மயிர்க்கூச்செறியும். பார்க்காதவனுக்கு அது ஒரு விசித்திரம், அவ்வளவுதான். அலமாரி எந்த மரத்தால் ஆனது என்று கடைசியில் வருவதும் அப்படியே.

கேள்விக்கு முன்னாலேயே பதிலைச் சொல்கிற கதையாகிவிடும். புதுக் கூட்டம் இதில் ஒட்டாமல் போனால் இரண்டாவது படத்தோடு கடையைக் கட்டுவார்கள். சில்வர் சேர் மறுபடி கனவு.

நூலகப்படி:

புதியவன். இந்தப் பேச்சை முழுக்கப் படித்தேன். ஒன்று கேட்கலாமா? ஹாரி பாட்டர் 2001-லிருந்து 2011 வரை எட்டுப் படம் முடித்தது. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூன்றும் முடிந்தது. நார்னியாவுக்கு மட்டும் ஏன் இப்படி?

செங்காந்தள்:

வாருங்கள் நூலகப்படி. நல்ல கேள்வி, இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஹாரி பாட்டரில் அதே மூன்று பிள்ளைகள் ஏழு ஆண்டு அதே பள்ளியில் வளர்கிறார்கள். நடிகர்கள் வளர்வது கதைக்கு உதவி. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஒரே கதை, மூன்று பாகத்தையும் 1999-லும் 2000-லும் நியூசிலாந்தில் சேர்த்தே எடுத்து முடித்துவிட்டார் பீட்டர் ஜாக்சன். முதல் படம் ஓடியிருக்காவிட்டாலும் மற்ற இரண்டும் கையில் இருந்திருக்கும்.

நார்னியா இரண்டு வழிக்கும் ஒத்துவராது. முதல் கதையின் நான்கு பிள்ளைகளில் பீட்டரும் சூசனும் இரண்டாவது கதையின் முடிவில் இனி வர முடியாது என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மூன்றாவதன் முடிவில் எட்மண்டும் லூசியும். நாலாவதில் யூஸ்டஸும் ஜில் என்ற புதுப் பெண்ணும். 'ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' முதல் கதைக்குள்ளேயே நடக்கிறது, நம் உலகத்திலிருந்து யாரும் புதிதாகப் போவதில்லை. 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' எல்லாவற்றுக்கும் முன்னால். சேர்த்துவைக்கும் முகம் அஸ்லான் மட்டும்தான், அதுவும் கதைக்கு நாலு இடத்தில் வந்து போகும்.

பெரிய நிறுவனங்கள் ஒரு நட்சத்திரக் கூட்டத்தை வளர்த்து, அவர்கள் முகத்தை வைத்து அடுத்த படத்தை விற்பவை. இங்கே நடிகர்கள் பிரபலமாகும் நேரத்தில் புத்தகம் அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறது. அதோடு படங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். டான் ட்ரெடரில் யூஸ்டஸாகக் கலக்கிய வில் போல்ட்டர் சில்வர் சேருக்கும் வந்திருக்க வேண்டும். அவர் 2023-ல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' மூன்றாம் பாகத்தில் மாமிச மலையாக நிற்கிறார்.

என் எண்ணம் இது: நார்னியாவைத் தொடர்கதையாக விற்கப் பார்ப்பதுதான் அடிப்படைப் பிழை. ஏழும் ஏழு தனிப் படம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூட்டம், தனி இயக்குநர்கூட இருக்கலாம். ஒன்று சுமாராக ஓடினாலும் அடுத்தது அதன் தலையில் உட்கார்ந்திருக்காது. பிபிசியிடம் பெரிய நடிகர் கூட்டமோ பெரிய காசோ இல்லை, ஆனாலும் டாம் பேக்கரைச் சதுப்புநில மனிதன் படில்க்ளமாக நிறுத்தியதும் அந்த ஒரு கதை தனியாக நின்றது.

சதுப்புநிலத்தான்:

படில்க்ளம் பெயரை எடுத்துவிட்டீர்கள் அக்கா, இனி நான் சும்மா இருக்க முடியாது.

இந்த வரிசை நிற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது சில்வர் சேரில் வரும் ஓர் அறைக்காக. நிலத்துக்கு அடியில், பச்சை உடைக்காரி நெருப்பில் ஏதோ பொடி தூவுகிறாள், இனிப்பான வாசனை எழுகிறது, கையில் தந்திவாத்தியத்தை மெல்ல மீட்டிக்கொண்டே பேசுகிறாள். சூரியன் என்று ஒன்று கிடையாது, விளக்கைப் பார்த்து நீங்கள் கற்பனை செய்தது. சிங்கம் கிடையாது, பூனையைப் பார்த்துப் பெரிதாக்கிக்கொண்டது. பிள்ளைகளும் இளவரசனும் ஒவ்வொருவராக ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். எதிலும் கெட்டதையே எதிர்பார்க்கும், சிரிக்கவே தெரியாத படில்க்ளம் எழுந்து போய்த் தன் வெறுங்காலால் அந்த நெருப்பை மிதிக்கிறான். வலி அவன் தலையைத் தெளிய வைக்கிறது. கருகிய வாடை மற்றவர்களைத் தெளிய வைக்கிறது. அப்புறம் சொல்கிறான்: நாங்கள் கற்பனைதான் செய்தோம் என்றே வைத்துக்கொள், அந்தக் கற்பனை உன் நிஜத்தைவிடப் பெரியது, நான் அதன் பக்கம்தான்.

டிராகன், போர், கோட்டை எதுவும் இல்லை. ஓர் அறை, ஒரு நெருப்பு, ஐந்து பேர். எந்தப் பட்ஜெட்டிலும் எடுக்கலாம். பெரிய திரையில் இன்னும் வரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

மழைக்காகம்:

இது எனக்குப் புதிது. படித்ததும் புத்தகத்தை எடுத்துவைத்துவிட்டேன்.

சரி, அஸ்லான் குரலுக்கு மெரில் ஸ்ட்ரீப்பிடம் பேசுகிறார்கள் என்று 2025 ஏப்ரலில் செய்தி வந்ததே, அதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? பழைய படங்களில் பேசிய லியம் நீசன் குரல் காதில் நிற்கிறது. லூயிஸ் தெளிவாக ஆண் சிங்கம் என்றுதான் எழுதியிருக்கிறார். படப்பிடிப்பிலிருந்து கசிந்த படங்களில் 1950களின் லண்டன்போல் தெரிகிறது என்றும் ரசிகர்கள் சொல்கிறார்கள். புத்தகம் நடப்பது அதற்கு ஐம்பது ஆண்டு முன்னால். இவற்றை மாற்றிவிட்டால் எது மிஞ்சும்?

செங்காந்தள்:

குரலைப் பொறுத்தவரை நானும் பழைய பக்கம்தான். லூயிஸ் அஸ்லானை இயேசுவை நினைத்து எழுதினார் என்பது மறைபொருள் இல்லை. அந்த நம்பிக்கையோடு படிக்கும் வாசகர்களுக்கு இது உள்ளே தைக்கும். அந்த வருத்தத்தைச் சில்லறை என்று தள்ளக்கூடாது.

காலத்தை மாற்றுவது எனக்கு இன்னும் பெரிய கவலை. டிகரி 1900 வாக்கில் சிறுவன், அதனால்தான் போர்க்காலத்தில் அலமாரி வைத்திருக்கும் வயதான பேராசிரியராக வருகிறான். அவனை 1950களில் சிறுவனாக்கினால் பீட்டர், லூசி முதலான பெவென்சி பிள்ளைகளின் விமானக்குண்டு வீச்சுக் காலம் என்ன ஆகும்? இரண்டாவது படத்துக்குத்தான் அந்தச் சிக்கல் வரும். எந்தத் திட்டத்தில் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் ஏழு படத்துக்கும் யோசித்தார்களா, ஒன்றுக்கு மட்டும் யோசித்தார்களா என்று புரியும்.

பனிக்காலம்:

எனக்கு அந்தக் கதையில் ஒரே ஒரு இடம் சரியாக வந்தால் போதும். டிகரியின் அம்மா படுக்கையில். நோயைத் தீர்க்கும் ஆப்பிள் கையில். எடுத்துக்கொண்டு ஓடிவிடு என்று ஜேடிஸ் காதில் ஓதுகிறாள். அவன் கொண்டுபோய் அஸ்லானிடமே கொடுக்கிறான். லூயிஸின் அம்மா 1908-ல் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. தன் வாழ்க்கையில் கிடைக்காத ஆப்பிளை டிகரிக்குக் கொடுத்திருக்கிறார். அஸ்லான் முகத்தைப் பையன் நிமிர்ந்து பார்க்கும்போது அதன் கண்ணில் தன்னுடையதைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகள் நிற்கும். 'லேடி பேர்ட்'டில் அம்மாவையும் மகளையும் அப்படி எழுதியவர் கெர்விக். இந்தக் காட்சியை அவர் கைவிடமாட்டார் என்று நம்புகிறேன்.

நூலகப்படி:

'ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' பற்றிச் சொல்லுங்கள். அது ஏன் வராது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்?

கடலோடி:

கலோர்மென் நாட்டைச் சித்திரித்த விதம்தான். பாலைவனத்துக்கு அப்பால், தலைப்பாகை, வளைந்த வாள், கருத்த நிறம், கொடூரமான அரசன். 1954 ஆங்கிலேயர் கண்ணில் கிழக்கு எப்படி இருந்ததோ அப்படி. இன்று அப்படியே எடுத்தால் நியாயமான கண்டனம் வரும். நாமே அதைப் படிக்கும்போது சில பக்கங்களில் நெளிகிறோம் இல்லையா?

ஆனால் எடுக்கவே முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். கதையின் பாதி வீரம் ஆராவிஸ் என்ற கலோர்மென் பெண்ணுடையது. கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பித்துக் குதிரையேறிப் பாலைவனம் கடக்கிறாள். அந்த நாட்டை ஒரு முழு நாடாக, நல்லவரும் கெட்டவரும் வாழும் இடமாகக் காட்டினால் கதை வலுக்கும். அந்த மண்ணின் முகம் கொண்ட நடிகர்களுக்கு இவ்வளவு பெரிய கற்பனைப் படம் எப்போது கிடைக்கும்? பயந்து ஒதுக்குவதுதான் எளிது. அதைத்தான் செய்வார்கள் என்று பயமாக இருக்கிறது.

விளக்குக்கம்பம்:

'லாஸ்ட் பேட்டில்' அதைவிடக் கஷ்டம். ரயில் விபத்து, உலகம் அழிவது, சூசன் வெளியே நிற்பது. குடும்பத்தோடு பார்க்கும் கிறிஸ்துமஸ் படமாக அதை விற்க யாருக்குத் தைரியம் வரும்? ஆனால் அது இல்லாமல் ஏழு முடியாது.

செங்காந்தள்:

இதற்கு நடுவில் நம் ஊர்ச் செய்தி ஒன்று. லூயிஸ் 1963 நவம்பரில் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் பதிப்புரிமை. 2024 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அவர் எழுத்து பொதுவுடைமை. புத்தகங்களுக்குப் பாலின் பேய்ன்ஸ் வரைந்த படங்களுக்கு உரிமை தொடர்கிறது, அவர் 2008 வரை வாழ்ந்தார். எழுத்தை மட்டும் யார் வேண்டுமானாலும் தமிழில் கொண்டுவரலாம். பிரிட்டனில் 2033 முடிய உரிமை உண்டு, அமெரிக்காவில் அதற்கும் மேல், அதனால் பெரிய படம் எடுக்க நெட்ஃபிளிக்ஸைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் கையில் ஏழு கதையையும் தமிழில் கொடுக்க நாம் யாரையும் காத்திருக்க வேண்டியதில்லை.

மழைக்காகம்:

அக்கா, இதைத் தனி இழையாகப் போடுங்கள். மொழிபெயர்க்க நான் வருகிறேன், சில்வர் சேர் எனக்கு.

சதுப்புநிலத்தான்:

சில்வர் சேரில் கை வைக்க வேண்டாம் தம்பி, அது என்னுடையது. ஹார்ஃபாங் ராட்சதர் பகுதி வரை உனக்கு விட்டுத்தருகிறேன்.

விளக்குக்கம்பம்:

நல்லது, செய்வோம். படத்தைப் பற்றி எனக்கு இன்னும் ஆறுதல் இல்லை. 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' 2007-ல் ஒரே படத்தோடு செத்தது என்று நினைத்தோம், 2019-லிருந்து 2022 வரை தொலைக்காட்சியில் மூன்று சீசனாக முழுக் கதையும் முடிந்தது. முடிக்க முடியும் என்பதற்கு அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி. செங்காந்தள் சொன்ன தனித்தனிப் படம் என்ற யோசனையும் சேர்ந்தால் வழி உண்டு.

நான் பார்க்கப்போவது இதைத்தான்: முதல் படம் வருவதற்கு முன்னாலேயே இன்னொரு இயக்குநர் பெயரோடு மூன்றாவது படத்தை அறிவிக்கிறார்களா என்று. அறிவித்தால் ஏழையும் மனதில் வைத்திருக்கிறார்கள். முதல் வார வசூலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றால், 2008 திரும்ப வருகிறது. உங்களில் யாருக்காவது அப்படி ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டால் உடனே இங்கே போடுங்கள்.